தொண்ணூற்றேழு கிலோ

1972-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 19-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மூன்று நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்து சிறு தூறலாக விழுந்துகொண்டிருந்தது. காற்று இல்லை. விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் தொழிற்சாலையின் எடை மேடையில், களிமண் லாரிகள் ஏறி நிற்கும் இடத்தில், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. அதைச் சுற்றி நாங்கள் நான்கு பேர்: நான், என் மனைவியின் தம்பி, மெக்கானிக், எடை போடும் பெரியவர். என்னைத் தவிர மற்ற மூவரையும் நான் நம்பவில்லை.

கார் மச்சினனுடையது. கருவேப்பிலங்குறிச்சியில் கரும்பு போடுகிற குடும்பம் அவர்களுடையது. நெய்வேலியில் வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு என்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது அந்தக் காரை விற்றார். மச்சினன் அந்த வருஷக் கரும்புப் பணத்தில் அதை வாங்கிவிட்டான். மாட்டுவண்டித் தடத்தில் அதை ஓட்டினால் அடிப்பாகம் தட்டும். ஆகவே வாரம் இரண்டு முறை விருத்தாசலம் வந்து, தார் ரோட்டில் ஓட்டிவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

மெட்ராஸுக்கு வடக்கே பழைய விமானத்தளம் ஒன்றில் கார் பந்தயம் நடக்கும். அதில் ஓட வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது. நுழைவுக் கட்டணமும் கட்டிவிட்டான்.

"இஞ்சினை ஒண்ணும் பண்ண முடியாது மாமா. சாமான் கெடைக்காது. ஆனா ஒடம்பைக் கொறைக்கலாம். வெயிட்டு கொறைஞ்சா அதே இஞ்சின் பறக்கும்" என்றான்.

"யார் சொன்னது?"

"பாய் சொன்னாரு."

பாய் என்பது மெக்கானிக். மங்கலம்பேட்டைக்காரர். ஜங்ஷனிலிருந்து ஊருக்குள் வரும் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்தார். எங்கள் தொழிற்சாலைக்கு மண் அடிக்கும் லாரிகளில் ஆறு லாரிகள் பழுதானால் அவரிடம்தான் போகும். அந்த ஆறு லாரிதான் அவருக்குச் சோறு. மற்றதெல்லாம் எப்போதாவது வருகிற ஸ்கூட்டரும் ஜீப்பும். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். அதிகமாகச் சிரிக்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு எச்சரிக்கை உண்டு.

அவர் போட்ட திட்டம் இது. காரில் உள்ள இரும்புக் கதவு, இருக்கை, பம்பர், பானெட் எல்லாவற்றையும் கழற்றிப் பத்திரமாக வைத்துவிடுவது. பதிலுக்கு மெட்ராஸிலிருந்து லேசான சாமான்கள் வாங்கிப் பூட்டுவது. புதுப்பேட்டையில் அலுமினிய இருக்கை கிடைக்கும், கண்ணாடி இழையில் பானெட் வார்த்துத் தருகிற ஆள் இருக்கிறார், கதவை இவரே அலுமினியத் தகட்டில் அடித்துவிடுவார். சாமான் செலவு மச்சினனுடையது. கூலி மட்டும் எப்படி என்று கேட்டதற்கு பாய் சொன்ன பதில்தான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது.

"நாள் கூலி வேணாம். எத்தனை கிலோ கொறைக்கிறேனோ அத்தனைக்குக் குடுங்க. கிலோவுக்குப் பத்து ரூபா. கொறையலேன்னா ஒத்தைப் பைசா வேணாம்."

மச்சினனுக்கு இது நியாயமாகப் பட்டது. எனக்கு இது ஒரு ஏற்பாடாகப் பட்டது. எடை குறைந்ததா என்று யார் பார்ப்பது? அவரே நிறுத்து அவரே சொல்வாரா? நான் பி.எஸ்.ஸி. ரசாயனம் படித்தவன். தொழிற்சாலையின் சோதனைக் கூடம் என் பொறுப்பில் இருந்தது. அதோடு எடை மேடையின் மேற்பார்வையும் என்னுடையது. அதனால், "எடை எங்கள் மேடையில் போடப்படும், இரண்டு தடவையும் நான் பக்கத்தில் நிற்பேன்" என்றேன். பாய் சிரித்தார். "நல்லது சார். உங்க கண்ணுக்கு முன்னாலயே நடக்கட்டும்."

முதல் எடை அதிகமாக இருந்தால் அவருக்குத்தான் லாபம். இது எனக்கு ராத்திரியே தோன்றிவிட்டது. ஆகவே காலையில் காரை மேடையில் ஏற்றுவதற்கு முன் சோதனை போட்டேன். பின்பெட்டியில் ஓர் இரும்புக் கம்பியும் இரண்டு செங்கல்லும் இருந்தன.

"இது என்ன பாய்?"

"செங்கல் சார்."

"அது தெரியுது. எதுக்கு இருக்குது?"

"ஹேண்ட் பிரேக்கு நிக்கலை. சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கறதுக்கு உங்க மச்சான்தான் வச்சிருக்காரு. அவரையே கேளுங்க."

மச்சினன், "ஆமாம் மாமா, நான்தான்" என்றான். இரண்டு செங்கல் ஐந்தரை கிலோ. ஐம்பத்தைந்து ரூபாய். கம்பியோடு சேர்த்து வெளியே எடுத்து வைத்தேன். உபரிச் சக்கரத்தையும் ஜாக்கியையும் இரண்டு எடையிலும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்து இறக்கினேன். பெட்ரோல் தொட்டியில் ஒரு குச்சியை விட்டு, நனைந்த இடம் வரை அளந்து, நான்கு அங்குலம் என்று குறித்துக்கொண்டேன். தரை விரிப்பை உதறினேன். மழையில் காரின் கித்தான் கூரை நனைந்திருந்தது. தண்ணீருக்கும் எடை உண்டு. வீட்டிலிருந்து கொண்டுபோன இரண்டு துண்டுகளால் கூரையையும் உடம்பையும் துடைத்துப் பிழிந்தேன். பதினோரு முறை பிழிந்தேன். மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாய், "தலை துவட்டிட்டீங்க, பவுடர் போட்டுறலாமா சார்?" என்றார்.

பிறகு நான் குனிந்து நான்கு சக்கரமும் மேடைக்குள் இருக்கிறதா, யாராவது விளிம்பில் காலை ஊன்றுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியவர் தன் அறைக்குள் தராசுத் தண்டில் குண்டை நகர்த்தி எடை பார்த்து, ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினார். 748 கிலோ. அதில் நான் கையெழுத்துப் போட்டேன். மச்சினன் போட்டான். பாய் அழகான சாய்வெழுத்தில் போட்டார். சீட்டு என் சட்டைப் பைக்குள் போயிற்று.

வேலை நான்கு மாதம் நடந்தது. வாரம் ஒரு முறை ஆபீஸ் முடிந்ததும் சைக்கிளில் பட்டறைப் பக்கம் போவேன். கழற்றிய சாமான்களைச் சுவரோரம் அடுக்கிச் சாக்குப் போட்டு மூடியிருந்தார். சாக்கைத் தூக்கி எண்ணுவேன். கதவு இரண்டு, பம்பர் இரண்டு, இருக்கை இரண்டு, பானெட் ஒன்று, முன்கண்ணாடி சட்டத்தோடு ஒன்று, கூரைக் கம்பிகள் ஐந்து. ஒரு முறையும் குறையவில்லை. அது எனக்கு நிம்மதி தரவில்லை. எண்ணுகிறவன் வருகிறான் என்று தெரிந்தால் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும்.

புதுக் கதவை நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். உள்ளே இரும்புத் தகட்டை வைத்து மேலே அலுமினியத்தைப் போர்த்தியிருந்தால்? சத்தம் சரியாகத்தான் இருந்தது. இருக்கைகள் மெட்ராஸிலிருந்து பஸ்ஸின் கூரையில் வந்தன. சிறு குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி போல இருந்தன. பானெட்டை ஒரு கையால் தூக்கிக் காட்டினார் பாய். முன்கண்ணாடி இருந்த இடத்தில் முழங்கை உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு. ஓட்டுகிறவன் முகத்தில் பூச்சி அடிக்காதா என்று கேட்டேன். "வாயை மூடிக்கிட்டு ஓட்டணும் சார்" என்றார்.

ஒவ்வொரு சாமானையும் கழற்றும்போது ஒரு முறை, புதிதைப் பூட்டுமுன் ஒரு முறை, பட்டறையில் தொங்கிய தராசில் நிறுத்து, சுவரில் கரியால் எழுதியிருந்தார். பம்பரில் 19, கதவில் 27, பானெட்டில் 10, இருக்கையில் 20, முன்கண்ணாடியில் 10, கூரையில் 11. கூட்டினால் 97. கூட்டல் சரி. தராசு யாருடையது? அவருடையது. நான் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

இரண்டாவது எடை மார்ச் 11, அதுவும் ஞாயிறு. நல்ல வெயில். துடைக்கத் தேவையில்லை. பெட்ரோல் குச்சியில் நான்கு அங்குலம். பின்பெட்டி காலி. கூரை இல்லாமல், கதவும் இல்லாதது போலத் தோன்றிய அந்தக் காரை மச்சினன் ஒரே தள்ளில் மேடையில் ஏற்றினான். முன்பு மூன்று பேர் தள்ளினோம். இதை நான் கவனித்தேன், ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை.

சீட்டு வந்தது. 758 கிலோ.

நான் சட்டைப் பையிலிருந்து பழைய சீட்டை எடுத்தேன். 748. நான்கு மாத வேலைக்குப் பிறகு கார் பத்து கிலோ ஏறியிருந்தது.

"ஏறிடுச்சா? எப்பிடிங்க ஏறும்?" என்றார் பாய். முதல் முறையாகச் சிரிப்பு இல்லை.

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"பெரியவரே, இன்னொரு தடவை போடுங்க."

பெரியவர் இன்னொரு தடவை போட்டார். 758. மூன்றாவது தடவையும் 758.

"சார், இந்த மேடையில ஏதோ கோளாறு. சர்க்கரை ஆலை மேடைக்குப் போவலாம். டீசல் செலவு என்னுது. இழுத்துக்கிட்டுப் போறேன்" என்றார் பாய்.

ஒரு மேடையில் தொடங்கிய கணக்கை இன்னொரு மேடையில் முடிக்கக் கூடாது என்பது சோதனைக்கூடத்தில் முதல் பாடம். அதோடு சர்க்கரை ஆலையில் அவருக்கு யாரைத் தெரியுமோ. "வேண்டாம்" என்றேன்.

"அப்ப நான் என்னா பண்ணியிருப்பேன்னு நெனைக்கிறீங்க?"

"அடிச்சட்டத்துக் குழாய்க்குள்ளே ஈயம் ஊத்தியிருந்தா வெளியே தெரியாது. கழட்டினது போல காட்டி, எடையைத் திரும்ப வைக்க ஆயிரம் வழி இருக்குது."

"எடையைத் திரும்ப வச்சா எனக்குக் கூலி போயிடுமே சார். என் வயித்துல நானே ஈயத்தை ஊத்திக்குவனா?"

நியாயமான கேள்வி. கேட்டதும் சந்தேகம் குறைய வேண்டும். எனக்கு இன்னும் கூடியது. முதல் எடையில்தான் ஏமாற்றியிருக்கிறார், ஏதோ செய்து குறைத்துக் காட்டியிருக்கிறார் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். குறைத்துக் காட்டினால் அவருக்குத்தான் நஷ்டம் என்று அடுத்த நிமிடம் தெரிந்தது. அப்படியானால் நல்ல சாமான்களை விற்றுவிட்டு மட்டமானதைப் போட்டிருக்கிறார், கூலியை விட அதில் லாபம் அதிகம் என்று முடிவு கட்டினேன். பழைய சாமான்கள் அத்தனையும் சுவரோரம் இருந்ததை வாரா வாரம் எண்ணியவன் நான்தான்.

மச்சினன் என் முகத்தைப் பார்த்தான். "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். கூலி தரவில்லை. மறுநாள் டிராக்டரில் கட்டிக் காரை கருவேப்பிலங்குறிச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் வைக்கோல் கொட்டகைக்குள் தள்ளினான். "அடியில என்ன வச்சிருக்காருன்னு தெரியாம நூறு மைல் வேகத்துல எப்பிடி ஓட்டறது?" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறான். பந்தயத்துக்குப் போகவில்லை.

இது வரையில் வீட்டோடு போயிருக்கும். நான்தான் விடவில்லை. எங்கள் தொழிற்சாலை வாசலில் லாரி டிரைவர்கள் டீ குடிக்கும் கடை ஒன்று உண்டு. அங்கே யாரோ, "சார், ரேஸ் காரு என்னாச்சு?" என்று கேட்டார்கள். "ரெண்டு சீட்டையும் பாருங்க" என்று பலகையில் வைத்தேன். "கொறைக்கிறேன்னு வாங்கி ஏத்தி வச்சிருக்காரு உங்க பாய். லாரியிலே என்னென்ன மாத்தறாரோ, நீங்கதான் பார்த்துக்கணும்." நான் சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் சொன்னேன். நிதானமாகச் சொன்னதால் அதிகமாக நம்பினார்கள்.

இரண்டு வாரத்தில் ஆறு லாரியும் வேறு பட்டறைக்குப் போயின. டிரைவர்களில் ஒருவன் பாயின் கொட்டகையைத் தாண்டும்போது, "பாய், என் வண்டியில பத்து கிலோ ஏத்தி வுடுங்க, வாடகை கூடக் கெடைக்கும்" என்று கத்திவிட்டுப் போனானாம். பட்டறையில் பகலிலேயே பாதிக் கதவு மூடியிருப்பதை நான் சைக்கிளில் போகும்போது பார்த்தேன். குற்றம் உள்ள ஆள் கதவை மூடத்தான் செய்வான் என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம், கத்திரி வெயிலில், ஒரு லாரி பிளாஸ்டர் மாவு வந்தது. தட்டு, கோப்பை, ஜாடி எல்லாவற்றுக்கும் அச்சு எடுப்பது அந்த மாவில்தான். அதுவரை அது ரயிலில் வரும்; ரயில்வே எடையையே ஒப்புக்கொள்வோம். அன்று முதல் தடவையாக லாரியில் வந்து எங்கள் மேடையில் ஏறியது. ஐம்பது கிலோ மூட்டை நூறு. ஐயாயிரம் கிலோ இருக்க வேண்டும். பெரியவர் எழுதின சீட்டில் 4850.

நூற்றைம்பது கிலோ, மூன்று மூட்டை. மாவு அனுப்பினவர்களை உடனே பிடிக்க வேண்டும் என்று மூட்டைகளை எண்ணினேன். நூறு. கண்ணில் பட்ட ஒரு மூட்டையைச் சோதனைக்கூடத்துத் தராசில் வைத்தேன். ஐம்பது. இன்னொன்று. ஐம்பது. பதினேழு மூட்டை நிறுத்தேன். எல்லாம் ஐம்பது. வியர்த்து ஒழுக எடை அறைக்குப் போனேன்.

"பெரியவரே, எப்பிடி நூத்தம்பது கொறையுது?"

"ஈரம் கழிச்சிருக்கேன் சார்."

"என்னது?"

அவர் ஜன்னலுக்கு மேலே தொங்கிய சிலேட்டைக் காட்டினார். அதில் என் கையெழுத்தில், "இன்று ஈரம் 3" என்று இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். களிமண் ஈரத்தோடு வரும். மழைக்காலத்தில் நூறு கிலோ மண் வாங்கினால் பதினைந்து கிலோ தண்ணீர். தண்ணீருக்குப் பணம் கொடுக்க முடியாது. ஆகவே தினமும் காலையில் மண்ணைச் சுட்டுப் பார்த்து, நூற்றுக்கு எவ்வளவு ஈரம் என்று கண்டு, எண்ணை எடை அறைச் சிலேட்டில் எழுதுவது என் வேலை. லாரியின் வெற்று எடை ஒரு பட்டியலில் இருக்கும். பெரியவர் அதைக் கழித்து, மிச்சத்தில் ஈரத்தையும் கழித்து, கடைசி எண்ணை மட்டும் சீட்டில் எழுதுவார். மொத்த எடையை எழுதினால் லாரிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று அந்தப் பழக்கம். களிமண்ணுக்கு இது சரி. பிளாஸ்டர் மாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் அது கல்லாகிவிடும்.

"மாவுக்கு எதுக்குய்யா ஈரம் கழிக்கிறீங்க?"

"உத்தரவு இருக்குதே சார்." அறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேடை ஏறும் எந்தச் சரக்குக்கும், யார் சொன்னாலும், அன்றைய ஈரம் கழிக்காமல் சீட்டு எழுதக் கூடாது. கீழே என் கையெழுத்து. இரண்டு வருஷத்துக்கு முன், பெரியவர் ஒரு லாரிக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு ஈரம் கழிக்காமல் விட்டார் என்று சந்தேகப்பட்டு நான் எழுதியது. அது நிரூபணமாகவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு கேட்டேன்.

"நவம்பர்லே ஒரு காரு வந்துதே."

"ஆமாம் சார். சேப்புக் காரு."

"அதுக்கும் கழிச்சீங்களா?"

"கழிச்சேன். வெறும் எடைப் பட்டியல்ல அந்தக் காரு இல்லை. அதனால அத்தினியும் சரக்குன்னு வச்சிக்கிட்டேன். அன்னிக்கு ஈரம் பதினஞ்சு. மார்ச்சுல வந்தப்ப நாலு."

"காருக்கு ஈரம் உண்டான்னு நீங்க யோசிக்கலியா?"

"யோசிச்சேன் சார். நீங்கதான் துண்டு எடுத்துப் பிழிஞ்சு பிழிஞ்சு ஊத்தினீங்க. ஈரம் இருக்குது போலன்னு நெனச்சேன்."

அவர் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்று வரை எனக்கு அது உறுத்துகிறது. வேண்டுமென்றே செய்தாரா? என் உத்தரவுக்காக இரண்டு வருஷம் காத்திருந்து பழி வாங்கினாரா? அவர் காலமாகிவிட்டார். கேட்க முடியாது. கேட்டிருந்தாலும் அந்த முகம் அப்படியேதான் இருந்திருக்கும்.

மேஜைக்கு வந்து கணக்குப் போட்டேன். ஈரம் சேர்த்தால் 748 என்பது 880. 758 என்பது 790 சுமார். கார் தொண்ணூறு கிலோ குறைந்திருந்தது.

உடனே ஓடிப் போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பதினொரு நாள் சொல்லவில்லை. முதல் மூன்று நாள் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். அதற்குப் பிறகு, சொன்னால் கூலி என் தலையில் விழும் என்ற பயம். அதற்கும் பிறகு, எடை மேடை என் பொறுப்பு என்பதால் மேனேஜர் காதுக்குப் போகுமோ என்ற பயம். என் மனைவிதான் கண்டுபிடித்தாள்.

"என்னாங்க, பத்து நாளா சோத்துல பருக்கை எண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அந்தாளு மங்கலம்பேட்டையில வூட்டுச் சாமானைக் கட்டறாருன்னு கடையில பேசிக்கிட்டாங்க. அவரு அண்ணன் குவைத்துல இருக்காராம். அங்க போயிடப் போறாராம். கடைசியா திருடன்னு பேர வாங்கிக்கிட்டுப் போவட்டுமா?" என்றாள். கை அலம்பாமல் இலையிலிருந்து எழுந்து போய்விட்டாள். அன்று அவள் தம்பிக்கு இதைச் சொல்லி அனுப்பினாளா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அது வேறு.

மறுநாள் மாலை பட்டறைக்குப் போனேன். பாய் ஒரு பெட்டியில் ஸ்பானர்களை எண்ணெய் தடவி அடுக்கிக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே, இரண்டு சீட்டையும் சிலேட்டு எண்ணையும் கணக்குத் தாளையும் காட்டி விளக்கினேன். நிதானமாகக் கேட்டார். ஒரு இடத்தில் என்னை நிறுத்தி, "பதினஞ்சு கழிச்சா எம்பத்தஞ்சு பங்கு. அதால வகுக்கணும்" என்று அவரே சொன்னார். கணக்கு தெரிந்தவர்.

"அப்ப நான் ஈயம் ஊத்தலை" என்றார்.

"இல்லை. தப்பு என்னுதுதான்."

"சரி சார். போயிட்டு வாங்க."

"பாய், நான் சொல்லிட்டேனே."

"யாருகிட்ட சொன்னீங்க? எனக்குத்தான் மொதல்லேயே தெரியுமே, நான் ஊத்தலைன்னு. டீக்கடையில சொன்னீங்க இல்ல? அங்க வந்து சொல்லுங்க. காலையில ஏழு மணிக்கு, அதே ஆளுங்க இருக்கும்போது. இப்ப சொன்னதையே சொல்லுங்க, ஒரு வார்த்தை கொறைக்காம."

ராத்திரி தூக்கமில்லை. உத்தரவைப் பற்றிச் சொல்லாமல் பெரியவர் கணக்கில் பிசகிவிட்டார் என்று சொல்லலாமா என்று பலமுறை யோசித்தேன். காலையில் ஏழு மணிக்கு டீக்கடையில் பதினான்கு பேர் இருந்தார்கள். பாய் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சொன்னேன். உத்தரவையும் சொன்னேன், துண்டு பிழிந்ததையும் சொன்னேன்.

பிறகு ஒரு டிரைவர், "சார், அப்ப நான் மேடையில ஏறி நின்னா எனக்கும் ஈரம் கழிப்பீங்களா?" என்றார்.

இன்னொருவர், "உன்ன ஏத்தினா ஈரம் மட்டும்தாண்டா மிஞ்சும்" என்றார். கடையே சிரித்தது. சத்தமாகச் சிரித்தவன், வாடகை கூடக் கிடைக்கும் என்று பாயைப் பார்த்துக் கத்திய அதே ஆள். அவன் டம்ளரை வைத்துவிட்டு, "பாய், என் வண்டி கிளச்சு அடிக்குது. இன்னிக்கு வுடட்டுமா?" என்று கேட்டான். பாய், "சாயங்காலம் வா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பதினான்கு டீக்கும் நான் காசு கொடுத்தேன். டீ இருபது பைசா.

ஆறு லாரியில் நான்கு திரும்பி வந்தன. இரண்டு வரவில்லை. அந்த இரண்டும் எத்தனை வருஷமானாலும் வராது என்று பாய் சொன்னார். அப்படியே ஆயிற்று. குவைத்துக்கு அந்த வருஷம் போகவில்லை.

கூலிக்கு மச்சினனிடம் போனேன். "நீங்க சொல்லித்தானே மாமா நிறுத்தினேன். பந்தயமும் போச்சு, கட்டின பீஸும் போச்சு" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஸ்கூட்டர் வாங்குவதற்காகத் தபாலாபீஸ் புத்தகத்தில் நான் நாலு வருஷமாகச் சேர்த்த பணம் இருந்தது. தொண்ணூறு கிலோவுக்குத் தொள்ளாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

பாய் எண்ணிவிட்டு, "எழுபது கொறையுது" என்றார். சுவரில் கரி எழுத்து அப்படியே இருந்தது. தொண்ணூற்றேழு.

"மேடைக் கணக்குத் தொண்ணூறுதானே?"

"உங்க மேடைக்கு அஞ்சு கிலோவுக்குக் கீழ கண்ணு தெரியாது சார். மூணு தடவ ஏத்தி எறக்கினாலும் தெரியாது."

அது உண்மை. குறியீடு ஐந்து ஐந்தாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சேர்த்தாலும் தொண்ணூற்றைந்துதான். மீதி இரண்டு கிலோ எங்கே? அவருடைய தராசா, என் சிலேட்டா, பெட்ரோலா? கேட்க வாயைத் திறந்தேன். பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது ரூபாயை எடுத்து வைத்தேன். அந்த இரண்டு கிலோ பற்றி எனக்கு இன்றும் தெளிவில்லை.

மச்சினன் அடுத்த வருஷம் ஓடினான். பாயையும் கூட்டிக்கொண்டு போனான். என்னைக் கூப்பிடவில்லை. பதினோரு காரில் ஒன்பதாவதாக வந்தான். முந்தின வருஷம் வீணான நுழைவுக் கட்டணம் எழுபத்தைந்து ரூபாயை, தீபாவளிக்கு வந்தபோது அக்கா மூலமாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

கூலி தொள்ளாயிரத்து எழுபது. நுழைவுக் கட்டணம் எழுபத்தைந்து. பதினான்கு டீ இரண்டு ரூபாய் எண்பது பைசா. ஆக மொத்தம் ஆயிரத்து நாற்பத்தேழு ரூபாய் எண்பது பைசா.